நீலக் கோடு

கச்சான் தொடங்கி ஒன்பதாம் நாள்.
வயலைச் சுட்டு, வீதியைச் சுட்டு,
மருதமுனைக்கு வந்த காற்று
என் உதட்டில் குந்தியிருக்கிறது.
சிரித்தால் வெடிக்கும்.
ஒன்பது நாளாய் நான் சிரிக்கவில்லை.

கல்முனை பாமசியில், கண்ணாடிக்குப் பின்னால்
அறுபது மில்லி, பச்சை மூடி,
'வெளிப்பூச்சுக்கு மட்டும்'.
சைத்தூன் எண்ணெய் என்று கேட்டேன்.
ஒலிவ் ஒயிலா என்று எடுத்தாள் பிள்ளை.
எனக்கு முன்னால் நின்ற மேசன் லாபிர்
சீமெந்து தின்ற உள்ளங்கையை விரித்து
"இது சமைக்கிறதா, பூசுறதா?" என்றார்.
"ரெண்டும் ஒண்டுதான் காக்கா,
போத்தல் சின்னனானா விலை பெருசு."
பிறகு என் பக்கம் குனிந்து
"முகத்துக்கெண்டா வேணாம் ராத்தா, பரு வரும்.
கொரியா சீரம் வந்திருக்கு."
முகத்துக்கு என்று நான் சொல்லவே இல்லை.

குவைத், ஹவல்லி, ஆறாம் மாடி.
ஆறு வருஷம், இரவு பத்து மணிக்கு,
மேடத்தின் முழங்காலில் இருந்து குதிக்கால் வரை.
ஜோர்தானில் இருந்து தகரத்தில் வரும் எண்ணெய்,
நசுக்கிய புல்லின் மணம்.
அலுமாரியில் பாரிஸ் கிறீம் பதினான்கு.
"அதெல்லாம் விருந்தாளி" என்பார் மேடம்,
"சைத்தூன்தான் வீட்டுக்காரி."
கண்ணை மூடிக்கொண்டு
"ஷ்வய்ய, ஷ்வய்ய" என்பார்.
மெதுவாக, மெதுவாக.

பகலில் என் கைக்கு க்ளொரொக்ஸ்.
விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு,
தேசிக்காய் பட்டால் உயிர் போகும்.
இரவில் அதே கைக்கு எண்ணெய்.
பகலில் உரித்ததை
இரவில் ஒட்டியது அந்த வீடு.

கையில் மீந்ததை முகத்தில் துடைத்துக்கொண்டேன்.
கழுவினால் குழாயோடு போகிற எண்ணெய்;
அது களவா என்று யாரிடம் கேட்பது?
மூன்றாம் மாதம் என்னை வெளிச்சத்துக்குத் திருப்பி
"உன் முகம் மினுங்குது" என்றார் மேடம்.
சந்தோஷத்தில் சொன்னதாகத்தான் நினைத்தேன்.
மறுநாள் போத்தலில் நீலப் பேனாவால் ஒரு கோடு.
அடுத்த நாள், கொஞ்சம் கீழே, இன்னொன்று.
அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.
சம்பளம் ஒரு மாதமும் தவறவில்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாமசியால் வந்த கையோடு
மச்சி நஸீஹா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்,
"ரெண்டு சொட்டுத் தாகா, உடம்புக்குப் பூச."
கிளினிக் மிஸ்ஸி வேண்டாம் என்றாராம்,
பச்சைத் தோல் இன்னும் காய்ந்துபோகுமாம்.
"மூத்தவனுக்குப் பூசித்தானே வளர்த்த" என்றாள் நஸீஹா.
வாசலில் நின்று மூத்தவன்
முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

இரவு, எல்லோரும் படுத்த பிறகு,
சீமெந்துத் தரையில் இருந்து என் காலை நீட்டினேன்.
எங்கே தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை.
மேடத்தின் கணுக்கால் எலும்பு எங்கே எழும்பும்,
எந்த நரம்பில் அழுத்தக்கூடாது,
எல்லாம் அதற்குத் தெரியும்.
என் காலில் அது வழி தவறியது.
"ஷ்வய்ய" என்று சொல்லிப் பார்த்தேன் எனக்கே.
சிரிப்பு வந்தது. உதடு வெடித்தது.
அங்கேயும் ஒரு சொட்டு வைத்தேன்.

விடிந்தபோது போத்தலில் ஒரு விரல் குறைவு.
மகள் சஹ்லாவின் தலைமயிர்
பஸ் ஹோல்ட் வரைக்கும் மினுங்கிக்கொண்டு போனது.
கூப்பிடவில்லை. ஒரு சொல் ஏசவில்லை.
அவள் மேசையில் கிடந்த மாக்கரை எடுத்து
எண்ணெய் நின்ற இடத்தில் கோடு போட்டேன்.
நேராகத்தான் வந்தது.

மறுகா கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
தண்ணீரில் தேய்த்தேன், போகவில்லை.
சவர்க்காரம் போட்டேன், போகவில்லை.
கடைசியில் மூடியைத் திறந்து
அதே எண்ணெயில் ஒரு சொட்டு.
இளகிக் கழன்று
என் பெருவிரலுக்கு ஏறியது நீலம்.

பின்னேரம் சஹ்லா கேட்டாள்,
"என்னம்மா விரல்ல? இலக்ஷனா?"
"எண்ணெய்" என்றேன்,
"கொஞ்சம் கொட்டிப் போச்சு.
நாளைக்குப் பெரிய போத்தல் வாங்குவம்."